வியாழக்கிழமை டீகேக்

கடிதம்

அன்புள்ள அக்கா,

பெயர் போட வேண்டாம். ஹரோ என்று ஊரை மட்டும் போட்டால் போதும். இங்கே எங்கட ஆக்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எனக்கு வயது 51. லண்டனுக்கு வந்து 26 வருடம். மூர்கேட் பக்கம் ஒரு கந்தோரில் சம்பளப் பிரிவில் வேலை. வீட்டில் இவர், மாமி, பல்கலைக்கழகம் முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிற மகள், பள்ளிக்கூடம் போகிற மகன். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். பிரச்சினை என்னில்தான். அதுவும் ஒரு பணிஸால் வந்தது. சிரிப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

கொவிட்டுக்குப் பிறகு எங்கள் கந்தோரில் கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் போதும், மிச்சம் வீட்டிலிருந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் நாலு நாள் போகிறேன். வீட்டில் "நாலு நாளும் கட்டாயம் வரட்டாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக இந்தப் பொய்.

எங்கள் மெட்ரோபொலிட்டன் பாதையில் காலையில் விரைவு ரயில் இருக்கிறது. ஹரோவில் எடுத்தால் பிஞ்ச்லி ரோட்டில்தான் நிற்கும். காலையில் அதில் போவேன். பின்னேரம் அதே மாதிரி விரைவு ரயில் வந்தால் வேண்டுமென்றே விட்டுவிட்டு, எல்லா இடத்திலும் நின்று வருகிறதில் ஏறுவேன். வெம்பிளி பார்க், பிரெஸ்டன் ரோட், நோர்த்விக் பார்க். அதில் இருக்க இடமும் கிடைக்கும். வெம்பிளி மைதானத்தின் வளைவு தெரியும், பிறகு வீடுகளின் பின்வளவுகள், உடுப்புக் காய்கிற கொடிகள், கடைசியில் மலை உச்சியில் தேவாலயத்தின் ஊசிக் கோபுரம். பையில் ஒரு புத்தகம் இருக்கும். ஆறு மாதமாக அதே புத்தகம், 40ஆம் பக்கம். ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுதான் அந்த ரயிலில் எனக்குப் பிடித்தது.

வியாழக்கிழமை என்றால் பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கிவிடுவேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை, ஆறே ஆறு மேசை. ஒரு பீங்கான் பொட்டில் தேத்தண்ணி, ஒரு டோஸ்ட் பண்ணின டீகேக். அரை மணித்தியாலம். பிறகு அடுத்த ரயில்.

டீகேக்குக்குப் பெயர்தான் கேக். வந்த புதிதில் முதல் வேலையில் ஒரு வெள்ளைக்கார அம்மா "டீகேக் சாப்பிடுறியா" என்று கேட்டா. கேக் என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்தது பணிஸ்! உள்ளங்கை அளவு இனிப்புப் பாண், உள்ளே பிளம்ஸ் போட்டது. யாழ்ப்பாணத்தில் அப்பா என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பஸ் வரும்வரை தேத்தண்ணிக் கடையில் ஒரு பணிஸ் வாங்கித் தருவார், தான் வெறுந்தேத்தண்ணி குடிப்பார். அந்தப் பணிஸை இவர்கள் குறுக்காக வெட்டி, வெட்டின பக்கத்தைச் சிவக்கச் சுட்டு, சூட்டோடு பட்டர் பூசித் தருகிறார்கள். ஓரத்துப் பட்டர் உருகி நடுப் பட்டர் இன்னும் உருகாமல் இருக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது கடிக்க வேண்டும். பிளம்ஸ் சூட்டில் வீங்கியிருக்கும், நாக்கைச் சுடும்.

இந்த நாட்டில் எனக்குக் குளிரும் பிடிக்கவில்லை, கறியும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த நாலு மணிச் சாப்பாடு எல்லாம் பிடித்துப்போனது. கிரம்பெட் எங்கட அப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. புளிக்க வைத்த மா, மேலே முழுக்க ஓட்டை. அப்பத்துக்குப் பால் விடுகிற மாதிரி இதற்குப் பட்டர் இறங்கி அடியில் தட்டை நனைக்கும். ஸ்கோனில் டெவன்காரர் கிரீமை முதலில் பூசி மேலே ஜாம் வைப்பார்கள், கோர்ன்வோல்காரர் ஜாம் முதல், கிரீம் மேலே. எங்கள் பிரிவில் கோர்ன்வோல் பிள்ளை ஒன்று இருக்கிறது. நான் தெரியாமல் கிரீமை முதலில் பூசிவிட்டேன் என்று அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பகிடிக்குத்தான், ஆனால் கதைக்கவில்லை. பற்றன்பேர்க் கேக் மாமிக்கு வாங்கிக்கொண்டு போவேன். ரோஸும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டிருக்கிறதால் "சீலைத்துண்டு கேக்" என்பா. மகன் சின்னனில் ஜஃபா கேக்கை "ஜஃப்னா கேக்" என்றுதான் கேட்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு சாமத்தியவீடு. என்னோடு வேலை செய்கிற பிள்ளையின் கணவர் இவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். "உங்கட வீட்டிலயும் செவ்வாய், புதன் மட்டும்தானே கந்தோர்?" என்று சும்மா கேட்டிருக்கிறார். கார் வீடு வரும்வரை இவர் வாய் திறக்கவில்லை. நிற்பாட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்: "நான் உனக்கு அவ்வளவு கரைச்சலா?"

ஆரோடாவது தொடர்போ என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சண்டை பிடித்திருப்பேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. "டீகேக் சாப்பிடப் போறனான்" என்று சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு அற்பமாக இருக்கும்! அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் கதை. அந்த இரண்டு நாளுக்கும் ரயில் காசே மாதம் 80 பவுணுக்கு மேல் என்று கணக்குப் பார்த்து மேசையில் ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார். ஒரு சொல்லும் இல்லை, கணக்கு மட்டும்.

இவர் 2020இலிருந்து சாப்பாட்டு மேசையில்தான் வேலை. நாள் முழுக்க மீட்டிங். மாமிக்கு 82. முழங்கால் ஏலாது. குளிக்க வார்க்கிறது, கண்ணுக்கு மருந்து விடுகிறது எல்லாம் நான் வந்த பிறகுதான். நல்ல மனுசி, என்னில் உயிர். ஆனாலும் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம் நிற்பேன். உள்ளே டிவி கேட்கும், இவரின் குரல் கேட்கும். பிறகுதான் திறப்பேன். வியாழனில் மட்டும் அப்படி நிற்பதில்லை. கையில் பட்டர் மணக்குது என்று நேரே போய்க் கழுவிவிட்டு மாமியோடு பகிடி விட்டுக்கொண்டு மருந்து விடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் மேற்பார்வையாளர் பதவி வந்தது. வேண்டாம் என்றேன். இருக்கிறது போதும் என்றுதான் இருக்கிறது எனக்கு. கனடாவில் இருக்கிற தங்கச்சி, "அக்கா, இது டிப்ரெஷன், போய்க் காட்டு" என்கிறாள். அம்மா இருந்தால் போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்றிருப்பா. போதும் என்று இருக்கிறவள் ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு அதுதான் விளங்கவில்லை. இந்தப் பயணத்தை விட்டுவிடட்டா?

இப்படிக்கு,
ஹரோ வாசகி

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

பணிஸை முதலில் விடுதலை செய்துவிடுவோம். அது இந்த வழக்கில் சாட்சி மட்டும்தான்.

நல்ல சாட்சி. உங்கள் மகனுக்குப் பிடித்த, சொக்கலேட் பூசிய ஜஃபா கேக் பற்றி இங்கே 1991இல் ஒரு வரி வழக்கு நடந்தது. கேக் என்றால் வற் வரி இல்லை, சொக்கலேட் பூசிய விசுக்கோத்து என்றால் முழு வரி. அளவைப் பார்த்தால் விசுக்கோத்து, கடையில் அடுக்குவதும் விசுக்கோத்துப் பக்கம். தீர்ப்பாயம் பார்த்த பல விஷயங்களில் ஒன்று, அது பழசானால் என்ன ஆகிறது என்பது. விசுக்கோத்து திறந்து கிடந்தால் நமத்து இளகும், கேக் இறுகும். ஜஃபா கேக் இறுகியது. கேக்தான் என்று தீர்ப்பு.

உங்கள் வியாழக்கிழமையையும் நான் அப்படித்தான் பார்த்தேன். ஒருவர் வீட்டைவிட்டு ஒளிந்து ஓடுகிறாரா, கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வருகிறாரா என்பதை அவர் போகிற இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறார் என்று பார்க்க வேண்டும். ஓடிப்போகிறவருக்குத் திரும்புகிற வாசற்படி ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் உயரும். நீங்கள் மற்ற நாட்களில் சாவியோடு நிற்கிறீர்கள். வியாழனில் நிற்காமல் போய்க் கை கழுவிவிட்டு மாமியோடு பகிடி விடுகிறீர்கள். ஏதோ போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான், டீகேக்கை விடவும். (டீகேக் பகுதியையும் இரண்டு தரம் வாசித்தேன். பசித்தது.)

ஆகவே தங்கச்சி கனடாவிலிருந்து செய்த நோய்நிர்ணயத்தை நான் ஏற்கவில்லை. மனச்சோர்வு உள்ள பலருக்குப் பட்டர் எந்த நேரத்தில் உருகுகிறது என்பது தெரியாது. சாப்பிடுவார்கள், ருசி ஏறாது. உங்களுக்கு உடுப்புக்கொடி தெரிகிறது, கோபுரம் தெரிகிறது. ஆனாலும் ஒரு காவல் வைத்துக்கொள்ளுங்கள். வியாழனும் சப்பென்று போய், நித்திரை குழம்பி, காலையில் எழும்பவே மனம் வராமல் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். இங்கிலாந்தில் அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். தருகிற பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும். அதே போல உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கிற காலத்து மாற்றங்களும் இருக்கலாம். அதையும் ஒருமுறை கேட்டுவிடுவதில் நட்டமில்லை.

பயணம் பிடிக்கும் என்பது விசித்திரமா என்றால், கொஞ்சம் விசித்திரம்தான். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகிற 909 பெண்களை, முந்தின நாளை ஒவ்வொரு கட்டமாக நினைத்து எழுதச் சொன்னார்கள். எந்த நேரம் எவ்வளவு இன்பமாக இருந்தது என்று பார்த்தால், வேலைக்குப் போகிற பயணம் ஆக அடியில் கிடந்தது. ஆனால் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் நடந்து 2001இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், உங்களுக்கு விருப்பமான பயண நேரம் எவ்வளவு என்று கேட்டபோது, சராசரி விடை 16 நிமிடம் அளவில் வந்தது. பயணமே வேண்டாம் என்றவர்கள் மிகச் சிலர். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஒழுங்கை எல்லாருக்கும் தேவைப்படுகிறது. கந்தோர் மனுசியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு மனுசியை உடுத்துகிற இடம் அது. நீங்கள் 16 நிமிடத்தோடு நிற்கவில்லை, விரைவு ரயிலையும் விட்டுவிடுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மேலதிக நிமிடங்கள் எதற்கு? இந்த நாட்டின் தேத்தண்ணி நேரமே ஓர் இடைவெளியை நிரப்ப வந்ததுதான். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் உடம்பு சோர்கிறது என்று, 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா தன் அறைக்கே தேத்தண்ணியும் பாணும் பட்டரும் கேட்டு வாங்கினதில் தொடங்கியது என்று சொல்வார்கள். முதலில் தனியாகத்தான் குடித்தாவாம். சிநேகிதிகளைக் கூப்பிட்டது பிறகு. சீமாட்டிக்கு அறை இருந்தது, மற்றப் பெண்களுக்கு? 1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பனி என்ற பாண் கம்பனி லண்டனில் தேநீர்க்கடை திறந்தது. 1894இல் பிக்கடிலியில் லயன்ஸ் கம்பனியின் தேநீர்க்கடை வந்தது. ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் பொது இடத்தில் தனியாக இருந்து சாப்பிட்டால் ஒரு மாதிரிப் பார்த்த காலம் அது. இந்தக் கடைகளில் அந்தப் பார்வை இல்லை. தட்டச்சுப் பெண்கள், கடைச் சிப்பந்திகள், வாக்குரிமை கேட்டுப் போராடினவர்கள் எல்லாரும் அங்கே ஒரு பொட் தேத்தண்ணிக்கும் ஒரு பணிஸுக்கும் இருந்திருக்கிறார்கள். ஆறு மேசைக் கடையில் இருக்கிற நீங்கள் அந்த வரிசையில் கடைசி ஆள்.

உங்கள் தண்டவாளத்திலேயே ஒரு கதை உண்டு. 1910 தொடக்கம் 1939 வரை மெட்ரோபொலிட்டன் ரயிலில் மேஃப்ளவர், கலட்டியா என்று இரண்டு புல்மன் சொகுசுப் பெட்டிகள் ஓடின. லண்டன் நடுவிலுள்ள சிற்றிக்கு வேலைக்குப் போகிறவர்கள் மேலதிகமாகக் கொஞ்சம் காசு கொடுத்து அதில் ஏறினால் காலைச் சாப்பாடு வரும், பின்னேரம் திரும்பும்போது தேத்தண்ணி வரும், மேசையில் சின்ன விளக்கு எரியும். அந்தக் கனவான்களைப் பார்த்து ஏன் நேரே வீட்டுக்குப் போகவில்லை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில். பாட்டி கொழுந்து பறித்தவர். இவர்கள் தேத்தண்ணி குடிக்கிற அந்த நாலு மணிக்கு, எங்கள் ஊரில் பாட்டி கடைசி நிறுவைக்குக் கூடையோடு வரிசையில் நிற்பார். நல்ல தூள் கப்பலேறிவிடும், எங்களுக்கு டஸ்ட் என்கிற கடைசித் தூள். ஆனால் நிறுத்து முடிந்து லயத்து வீட்டுக்கு ஏறுகிற வழியில் ஒரு கல் இருந்தது. அதில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வருவார். ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சும்மாதான்" என்பார்.

"சும்மாதான்" என்று சொல்ல முடியாதது உங்கள் சிக்கல். போதும் என்று இருக்கிறவள் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்களே. எங்கள் வீடுகளில் ஒரு பெண் வெளியே இருக்கிற நேரத்துக்குக் காரணம் வேண்டும். கந்தோர், கோயில், ஆஸ்பத்திரி, பிள்ளையின் டியூஷன், செத்தவீடு. நீங்கள் சம்பளப் பிரிவு. வருடாந்த விடுமுறைக்கு ஒரு நிரல் இருக்கிறது, சுகயீனத்துக்கு ஒரு நிரல் இருக்கிறது. சும்மா இருந்ததற்கு நிரல் இல்லை. அதனால் கொண்டுபோய்க் கந்தோர் நிரலில் போட்டுவிட்டீர்கள். தொகை சரி, தலைப்புப் பிழை. பிழையான தலைப்பில் இரண்டு வருடம் எழுதினால் கணக்காய்வில் பிடிபடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் பயணத்தை விடாதீர்கள், பொய்யை விடுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். நான் பார்த்த பெண்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் தடுக்குகிறார்கள். "இனிப் போக மாட்டேன்" என்று முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மீன்சட்டியைப் போட்டு உடைப்பார்கள். "நாலு நாள் கட்டாயம் என்று சொன்னது பொய், அதற்கு மன்னிக்க வேண்டும்" என்பது ஒரு வசனம். "வியாழக்கிழமை நான் ஒரு கடையில் அரை மணித்தியாலம் தனிய இருக்கிறனான், அது எனக்கு வேணும்" என்பது வேறு வசனம். இரண்டாவதுக்கு மன்னிப்புச் சேர்க்காதீர்கள். டீகேக் என்ற சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள். அற்பமாக இருக்கும் என்று பயப்படுகிறீர்கள். இவர் இந்த மூன்று கிழமையில் கற்பனை செய்திருக்கக்கூடியவற்றோடு ஒப்பிட்டால் ஒரு பணிஸ் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அவருடைய கேள்வி. "நான் உனக்கு அவ்வளவு கரைச்சலா?" மனைவியைச் சந்தேகிக்கிறவன் கேட்கிற கேள்வி இல்லை. தன்னைப் பற்றிக் கேட்கிறார். 2020இலிருந்து சாப்பாட்டு மேசையில் வேலை செய்கிற மனுசனுக்கு ரயிலே இல்லை. வேலை முடிந்தால் மடிக்கணினியை மூடிவிட்டு, அதே கதிரையில் இராச்சாப்பாடு. உங்களுக்கு வெம்பிளி பார்க், பிரெஸ்டன் ரோட், நோர்த்விக் பார்க். அவருக்கு மேசை. பகல் முழுக்க மாமியின் "ஆர் அது"வுக்குப் பதில் சொல்கிறதும் அவராகத்தான் இருக்கும். நீங்கள் அதை எழுதவில்லை. அந்த 80 பவுண் துண்டில் எனக்குக் காசு தெரியவில்லை. நீ வெளியே போகிறாய், நான் இங்கேயே கிடக்கிறேன் என்று எழுதத் தெரியாமல் எழுதின கணக்கு அது.

ஆகவே அவரிடம் கேளுங்கள், அவருக்கு எந்த நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று. ஆம்பிளைகளுக்கு உடனே பதில் வராது. "எனக்கொண்டும் வேண்டாம்" என்பார். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள். ஐந்தரைக்கு மேசையை மூடிவிட்டு ஹரோ மலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாலே அது ஒரு பயணம்தான். நாலு நாளை மூன்றாக்கலாமா என்று அவர் கேட்டால் யோசியுங்கள், அது பேசித் தீர்க்கிற எண். வியாழன் அந்தப் பேச்சில் இல்லை.

அவரை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பலர் உங்களுக்கு யோசனை சொல்லுவார்கள். வடிவான யோசனை, நான் சொல்ல மாட்டேன். அவர் வந்தால் "இந்தப் பணிஸுக்கா இவ்வளவு காசு" என்பார், நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்குவீர்கள், அந்தக் கடை போய்விடும். ஞாயிறு நாலு மணிக்கு வீட்டிலேயே கிரம்பெட் சுடுங்கள். பக்கெட்டில் வாங்கியதே போதும், இரண்டு தரம் டோஸ்டரில் இறக்கினால்தான் அடி மொறுமொறுக்கும். மாமிக்கு ஒன்று, இவருக்கு இரண்டு. அப்பம் மாதிரி இருக்கிறதென்று யார் முதலில் சொல்கிறார்கள் பாருங்கள்.

மாமியின் குளிப்பும் கண் மருந்தும் ஏன் நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும்? குளிப்பு சரி, அவவுக்கு மகன் முன்னால் கூச்சமாக இருக்கும். கண் மருந்தை மகன் விடலாம், பேத்தி விடலாம், பேரன் விடலாம். மூன்று துளி. அதோடு, இங்கிலாந்தில் வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறவருக்கு உள்ளூர்க் கவுன்சிலிடம் தன் தேவைகளை மதிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. எங்கட ஆக்கள் இதைக் கேட்பதில்லை. மாமியாரைக் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும் என்ற பயம். மதிப்பீடு உங்களுக்கு, மாமிக்கு இல்லை. குளிக்க வார்க்க உதவிக்கு ஓர் ஆள் கிழமையில் இரண்டு நாள் வரக் கிடைக்குமா என்றாவது தெரிந்துவிடும். அது நடந்தால் சாவியோடு நிற்கிற அந்த நிமிடமும் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். அங்கே நீங்கள் நிற்பது வீட்டுக்குப் பயந்து இல்லை, இரண்டாவது வேலைக்கு மூச்சு எடுக்கிறீர்கள்.

பதவியை வேண்டாம் என்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதில் எனக்குக் குழப்பம் தெரியவில்லை, உங்களுக்கும் இல்லை. திரைகடலோடியும் திரவியம் தேடு என்று யாராவது வந்தால், 26 வருடத்துக்கு முன்னமே கடல் தாண்டிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

எப்போது கதைப்பது? காரில் வேண்டாம், அந்த ஸ்டியரிங்குக்கு ஏற்கனவே ஒரு கேள்வி இருக்கிறது. வியாழனிலும் வேண்டாம். புதன் இரவு, மாமி படுத்த பிறகு, சாப்பாட்டு மேசையில் அவருடைய மடிக்கணினியை நீங்களே எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, எதிரே இருந்து சொல்லுங்கள். அடுத்த நாள் வழமைபோல பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். வீட்டுக்கு வரும்போது கை கழுவ ஓட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா